பிணை யார் கட்டுவது?

வழக்கிலே தோற்றவன் மேலும் வழக்காட விரும்பினால் பிணை கட்டட்டும். வென்றவன் தனக்குரியதைப் பெறட்டும். பாமரனுக்கும் புரிகின்ற நியாயம் இது. இதைத் தலைகீழாகப் புரட்டி, "வென்றவனே, நீ பிணை கட்டு! கட்டிய பிறகே வென்ற பொருளைத் தொடலாம். தோற்றவனே, நீ மேல்முறையீடு செய்துவிட்டு நிம்மதியாக இரு!" என்று ஒருவர் சொல்வாரானால், அவருடைய அறிவை ஐயுறுவோம், அல்லது அவர் யாருக்காகப் பேசுகிறார் என்று விசாரிப்போம். இப்படிச் சொல்வது ஒரு தனி மனிதரின் வாய் அல்ல. ஒரு நாட்டின் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்கு மாலுமிகளின் மகா சாசனம் என்று மகுடமும் சூட்டியிருக்கிறார்கள்!

நாடு, பிலிப்பைன்ஸ். நாள், 2024 செப்டம்பர் 23. குடியரசுச் சட்டம் 12021 என்பது அதன் எண். கடலோடிகளின் உரிமைகளை வரிசைப்படுத்தி, பயிற்சிக்கும் மருத்துவத்துக்கும் ஓய்வுக்கும் வழி சொல்லும் அந்தச் சட்டத்தில் நல்லவை பல உண்டு, மறுக்கவில்லை. பொன் தட்டிலே விருந்து வைத்துவிட்டு, உண்ணவருபவனின் கையைப் பின்னாலே கட்டினால், விருந்தைப் புகழ்வதா, கட்டைப் பேசுவதா? நாம் கட்டைப் பற்றிப் பேசுகிறோம்.

"பிலிப்பைன்ஸ் மாலுமிக்கு நேர்வது பற்றி இங்கே நமக்கென்ன?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கக்கூடும். 2021இல் கப்பல் தொழில் அமைப்புகள் வெளியிட்ட கணக்கின்படி, உலக வாணிகக் கப்பல்களில் பணிபுரிவோர் ஏறத்தாழ 18 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களை மிகுதியாக அனுப்பும் ஐந்து நாடுகள் பிலிப்பைன்ஸ், ரஷ்யா, இந்தோனேசியா, சீனா, இந்தியா. ஒரே கப்பலின் ஒரே இயந்திர அறையில் மணிலாக்காரனும் நம் நாட்டானும் தோளோடு தோள் நின்று வியர்வை சிந்துகிறார்கள். ஒருவன் கழுத்தில் விழும் கயிறு அடுத்தவன் கழுத்தையும் அளந்து பார்க்காமல் போகாது.

கப்பல் தொழிலின் அமைப்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். முதலாளி ஒரு நாட்டிலே இருப்பார். கப்பலில் பறப்பதோ பனாமாவின் கொடி, லைபீரியாவின் கொடி, மார்ஷல் தீவுகளின் கொடி! முதலாளி அந்த நாடுகளைக் கண்ணால் கண்டவராகவும் இருக்க வேண்டியதில்லை. வரி குறைவு, கேள்வி குறைவு. ஆகவே கொடி அங்கிருந்து வாடகைக்கு வருகிறது. ஆள் சேர்க்கும் முகவரின் அலுவலகம் மணிலாவில். வேலை தேடும் மாலுமிகள் அந்நகரின் காலாவ் வீதியிலே சான்றிதழ்க் கட்டைக் கையிலேந்தி நிற்கிறார்கள். ஒப்பந்தம் ஓர் ஆண்டுக்கு மேற்படாது. முடிந்ததும் மீண்டும் அதே வீதி, அதே வரிசை, அதே காத்திருப்பு.

இப்படிப்பட்ட தொழிலிலே ஒருவனை நடுவழியில் வேலையைவிட்டு நீக்குவது எவ்வளவு எளிது! நடுக்கடலில் தொழிற்சங்கம் இல்லை, தொழில் ஆய்வாளர் இல்லை, வழக்கறிஞர் இல்லை, பத்திரிகை இல்லை. குற்றம் சாட்டுபவர் கப்பல் தலைவர். சாட்சி சொல்பவர் அவருக்குக் கீழே பணிபுரிபவர். தீர்ப்புச் சொல்பவரும் அதே தலைவர்! அடுத்த துறைமுகத்தில் இறக்கி விமானத்தில் ஏற்றிவிட்டால் கதை முடிந்தது.

முடியக்கூடாது என்கிறது அந்நாட்டு அரசு வகுத்த பொது ஒப்பந்தம். குற்றச்சாட்டை எழுத்திலே தரவேண்டும். மாலுமி தன் பக்கத்தைச் சொல்ல விசாரணை நடத்தவேண்டும். முடிவையும் எழுத்திலே தரவேண்டும். கப்பலுக்கோ மற்றவர் உயிருக்கோ கண்ணெதிரே ஆபத்து இருந்தாலொழிய இதிலிருந்து விலக முடியாது. நீக்கியது நியாயமே என்று மெய்ப்பிக்கும் சுமையும் முதலாளியுடையதே. கப்பலின் நாட்குறிப்பேட்டிலிருந்து எடுத்தது என்று சொல்லி, தட்டச்சு செய்த துண்டுக் காகிதமொன்றை நீட்டிய முகவர்களை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நம்ப மறுத்ததும் உண்டு. ஆகவே உரிமை இருக்கிறது, வழக்குமன்றம் இருக்கிறது, வெற்றி பெறவும் வழி இருக்கிறது.

வென்ற பிறகு மாலுமிக்குக் கிடைப்பது என்ன? அதுதான் கேள்வி.

தரையிலே பணிபுரியும் தொழிலாளி சட்ட விரோதமாக நீக்கப்பட்டால், அவனை மீண்டும் வேலைக்கு எடுக்கும்படி தீர்ப்பாளர் ஆணையிடலாம். முதலாளி மேல்முறையீடு செய்தாலும், பிணையே கட்டினாலும், அந்த ஆணை உடனே நடைமுறைக்கு வரும். ஒன்று வேலை தரவேண்டும், அல்லது ஊதியப் பட்டியலிலாவது அவன் பெயர் ஏறவேண்டும். மாலுமிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவன் நிரந்தரத் தொழிலாளி அல்லன், ஒப்பந்தக் காலத்துக்கு மட்டுமே உரியவன் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் முடிவு கட்டிவிட்டது. இருபதாண்டு உழைத்தவனும், நேற்றுக் கப்பலேறியவனும் அந்தக் கணக்கிலே ஒன்றுதான். போன கப்பல் திரும்பாது. போன வேலையும் திரும்பாது. மிஞ்சுவது பணம் ஒன்றே: ஒப்பந்தத்தில் எஞ்சிய காலத்துக்கான ஊதியம்.

எஞ்சியிருப்பது பணம் மட்டும்தான் என்றால், அந்தப் பணம் எப்போது வருகிறது என்பதே அவனுடைய உரிமையின் உயிர். பத்தாண்டு கழித்து வரும் பணம் பள்ளிக்கட்டணம் ஆகாது, பிள்ளை வளர்ந்துவிட்டிருப்பான். மருந்தாகாது, தாய் மறைந்திருப்பாள். கடனைத் தீர்க்காது, வட்டி அதை விழுங்கியிருக்கும். இதை முதலாளிமார் நன்கு அறிவர். ஆகவே, வழக்கிலே வெல்வதைவிட வழக்கை நீட்டுவதே அவர்களுக்கு வசதியான வழி. காலம் அவர்களுடைய கூலிப்படை. காத்திருக்க முடியாத வயிறு நம்மவனுடைய பலவீனம்.

இந்தத் தந்திரத்துக்கு மாற்றாகத்தான் முறையீட்டுப் பிணை என்ற ஏற்பாடு பிறந்தது. அதன் வரலாற்றைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிலிப்பைன்ஸ் தொழிலாளர் சட்டத் தொகுப்பு 1974இல், இராணுவச் சட்டம் நாட்டை ஆண்ட நாளில், பெர்டினண்ட் மார்க்கோஸ் என்ற சர்வாதிகாரியின் ஆணையாகப் பிறந்தது. 1986இல் மக்கள் வீதியிலே திரண்டு அந்த ஆட்சியைத் தூக்கி எறிந்தார்கள். 1987இல் வந்த புதிய அரசியல் சட்டம், உள்நாட்டில் உழைப்பவனுக்கும் வெளிநாட்டில் உழைப்பவனுக்கும் முழுப் பாதுகாப்பு உண்டு என்று எழுதியது. அந்தக் காற்று வீசிய காலத்தில், 1989 மார்ச்சில், சட்டம் திருத்தப்பட்டது. பணம் தரும்படி தீர்ப்பு வந்து, முதலாளி அதை எதிர்த்துத் தேசியத் தொழிலுறவு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய விரும்பினால், தீர்ப்புத் தொகைக்குச் சமமான பிணையை ரொக்கமாகவோ, ஆணையம் ஏற்றுக்கொண்ட பிணை நிறுவனத்தின் பத்திரமாகவோ கட்ட வேண்டும். கட்டினால்தான் முறையீடு முறையீடாகும், கட்டாவிட்டால் காகிதம். கெடுவும் நீண்டதல்ல, பத்து நாட்கள்.

ஏன் இந்தக் கண்டிப்பு? இரண்டு காரணங்கள். இறுதியில் தொழிலாளி வென்றால் பணம் கைக்குக் கிட்டும் என்ற உறுதி அவனுக்கு வேண்டும் என்பது ஒன்று. இழுத்தடிப்பதற்காகவே முறையீடு செய்பவனைத் தடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. மாலுமியின் வழக்கிலே இதற்குத் தனி மதிப்பு உண்டு. கப்பல் முதலாளி கடல் கடந்த நாட்டில். கொடி வேறொரு நாட்டில். தீர்ப்பை எடுத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது? மணிலா முகவர் முதலாளியோடு சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாளி என்று 1995ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. அந்த முகவர் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டால்? அப்போது கைகொடுப்பது கட்டிவைத்த பிணைதான்.

அருமையான ஏற்பாடு! அருமையானதாக இருந்ததனால்தான் அதை அரிக்கத் தொடங்கினார்கள். "தொகை பெரிது, பிணையைக் குறைத்தருள்க" என்று மனுக்கள் பறந்தன. 2013 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு ஒரு முடிவு சொன்னது. பிணையைக் குறைக்கக் கோரும் முதலாளி, இழப்பீடும் வழக்கறிஞர் கட்டணமும் நீங்கலான தீர்ப்புத் தொகையில் பத்தில் ஒரு பங்கை இப்போதைக்குக் கட்டினால் போதும். மனு முடிவாகும்வரை அது ஏற்கப்படும் என்பது அந்த முடிவு. வழக்கோ மாலுமியுடையது அல்ல. பெரும்பதவி வகித்ததாகச் சொன்ன ஒரு வெளிநாட்டவர் பெற்ற, ஆறு கோடி பேசோவுக்கு மேற்பட்ட தீர்ப்பு அது. வேலை செய்ய அனுமதிச் சீட்டே அவரிடம் இல்லை என்று இறுதியில் நீதிமன்றம் கண்டது. அந்த வழக்கிலே அவ்வளவு பெரிய பிணையைக் கேட்பது கடுமை என்று கருதியதிலே நியாயம் இருக்கக்கூடும். ஆனால் கோடீசுவர வழக்குக்காகத் திறந்த கதவு, கொதிகலனுக்கு முன்னே வேகும் மாலுமியின் வழக்கிலும் திறந்தே கிடக்கிறது! நூறு ரூபாய்க் கடனுக்குப் பத்து ரூபாய் அடமானம் போதும் என்ற சலுகை எந்த வட்டிக்கடையில் ஏழைக்குக் கிடைக்கும்? முதலாளிக்குக் கிடைக்கிறது.

பிணையை இளக்கியது ஒரு கை. தொகையையே வெட்டியது இன்னொரு கை. அந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் எப்போது பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூரிலே ஒரு பிலிப்பைன்ஸ் வீட்டுப் பணிப்பெண் அவ்வாண்டு மார்ச்சில் தூக்கிலிடப்பட்டாள். நாடே கொந்தளித்தது. சூன் மாதத்தில் சட்டம் வந்தது. வெளிநாடு சென்று உழைப்போரைக் காக்கும் சட்டம் என்று முரசறைந்தார்கள். உழைப்போர் காணாத மூலையில் ஒரு வரியைச் செருகினார்கள்: சட்ட விரோதமாக நீக்கப்பட்டவனுக்கு எஞ்சிய ஒப்பந்தக் காலத்தின் ஊதியம், அல்லது எஞ்சிய ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று மாத ஊதியம், இவ்விரண்டில் எது குறைவோ அது!

எது குறைவோ அது! காக்க வந்த சட்டத்தின் கருணையைப் பார்த்தீர்களா?

அந்த வரியின் பொருளை ஒரு மாலுமியின் வழக்கு காட்டியது. 1998 மார்ச்சில், மாதம் 1,400 டாலர் ஊதியத்தில், 12 மாத ஒப்பந்தத்தில், கப்பலின் முதன்மை அதிகாரியாக ஒருவர் எடுக்கப்பட்டார். புறப்படும் நாளிலே, "இரண்டாம் அதிகாரியாக, 1,000 டாலருக்குக் கையெழுத்திடு, ஏப்ரல் முடிவதற்குள் முதன்மைப் பதவி தருகிறோம்" என்றார்கள். ஏப்ரல் போயிற்று, பதவி வரவில்லை. தாழ்ந்த பதவியில் தொடர அவர் மறுத்தார். மே 26இல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். உழைத்தது 2 மாதம் 7 நாள். எஞ்சியது 9 மாதம் 23 நாள். மூன்று மாதக் கணக்குப்படி அவருக்கு 4,200 டாலர். எஞ்சிய காலத்தின் முழுக் கணக்குப்படியோ 13,600 டாலருக்கும் மேல். இடையிலுள்ள ஒன்பதாயிரத்துச் சொச்சம் டாலர் யார் பைக்குள் போவதற்காக அந்த வரி எழுதப்பட்டது? குற்றம் செய்தவன் என்று மன்றம் கண்ட முதலாளியின் பைக்குள்! தவறு செய்தவனுக்குத் தள்ளுபடி, தவறிழைக்கப்பட்டவனுக்கு வெட்டு!

2009 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் அந்த வரியை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அடித்துத் தள்ளி, முழுக் காலத்தின் ஊதியத்தையும் மாலுமிக்கு அளித்தது. கைதட்டுவோம், பிறகு விரல் விட்டு எண்ணுவோம். நீக்கியது 1998, நீதி வந்தது 2009. ஒன்பது மாத ஊதியத்தைப் பெறப் பதினோராண்டு!

ஆண்டொன்று ஆவதற்குள், 2010இல் புதிய திருத்தச் சட்டம் வந்தது. அடித்துத் தள்ளப்பட்ட அதே வரி, அதே சொற்களோடு, உள்ளே வந்து உட்கார்ந்தது. முன்வாசலில் விரட்டியதைப் பின்வாசல் வழியே அழைத்துவந்தவர்கள் மக்கள் பிரதிநிதிகள்! 2014இல் நீதிமன்றம் மறுபடியும் அதை வெளியே தள்ளியது. செல்லாது என்று சொன்ன வரியை மீண்டும் எழுதிவிட்டால் செல்லுபடியாகிவிடாது என்று பாடமும் நடத்தியது. அந்த வழக்கின் தொழிலாளி, தைவான் தொழிற்சாலைக்குச் சென்று 1997இலே ஒரு மாதம் முடிவதற்குள் வேலையைவிட்டு நீக்கப்பட்ட ஒரு பெண். 1997 எங்கே, 2014 எங்கே!

இந்தப் பின்னணியோடு 2024ஆம் ஆண்டின் மகா சாசனத்தைப் படியுங்கள். அதற்கு முன்பெல்லாம், தேசியத் தொழிலுறவு ஆணையம் தீர்ப்புச் சொல்லி அது உறுதியானதும் மாலுமி தன் தொகையைப் பெற்றுவிடலாம். முதலாளி அதற்கும் மேலுள்ள நீதிமன்றங்களுக்குப் போகலாம். ஆனால் தனியே தடை ஆணை பெற்றாலொழிய, அவர் போவது பணம் கைமாறுவதை நிறுத்தாது. இதுதான் முதலாளிமார் கண்ணை உறுத்தியது. புதிய சட்டம் என்ன சொல்கிறது? மேல்முறையீட்டிலோ நீதிமன்ற மறு ஆய்விலோ இருக்கும்போது, சர்ச்சைக்குள்ளான தொகையை மாலுமி பெற விரும்பினால், பின்னால் தீர்ப்பு மாறினால் முழுவதையும் திருப்பித் தருவதற்கு ஈடாக, போதிய பிணையை அவன் கட்டவேண்டும்! ஊதியம், சட்டப்படி உரிய பலன்கள், முதலாளியே ஒப்புக்கொண்ட தொகை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு என்கிறார்கள். விலக்கு நல்லதுதான். ஆனால் வழக்கு வருவதே முதலாளி ஒப்புக்கொள்ளாத தொகைக்காக அல்லவா? ஒப்புக்கொண்ட தொகைக்கு எவன் மன்றப்படி ஏறுவான்? எஞ்சிய காலத்துக்கான தொகை ஊதியமா, இழப்பீடா என்பதை வைத்தே இன்னொரு வழக்காடலாமே! வாதாடத் தெரிந்தவருக்கு அந்த ஒரு சொல் போதாதா?

கொடுமையின் உச்சத்தைக் கவனியுங்கள். 1989ஆம் ஆண்டின் விதி நீக்கப்படவில்லை. ஆணையத்துக்கு முறையிடும் முதலாளி பிணை கட்டவேண்டும் என்பது இன்றும் ஏட்டில் இருக்கிறது. ஆகவே மாலுமியின் பணத்துக்கு முதலாளியின் பிணை ஒரு பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்க மாலுமியின் பிணை ஒரு சாவி. சாவியின் விலையோ பூட்டினுள் இருக்கும் பொருளின் விலை! அந்தப் பொருள் கையில் இருந்தால்தானே அவன் சாவி வாங்க முடியும்?

தந்தை மார்க்கோஸ் 1974இல் தொழிலாளர் சட்டத்தில் கையெழுத்திட்டார். சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, குடியரசுத் தலைவரான மகன் மார்க்கோஸ் மகா சாசனத்தில் கையெழுத்திட்டார். இடையிலே மக்கள் எழுச்சி ஈட்டித் தந்த ஏற்பாடு, பிணை முதலாளியின் தலையில் என்பது. மகனுடைய கையெழுத்து அந்தப் பிணையை மாலுமியின் தலைக்கும் மாற்றியது. வரலாறு சில நேரம் நையாண்டியும் செய்யும்.

முதலாளிமாரின் வாதத்தையும் கேட்போம். கேளாமல் தீர்ப்புச் சொல்வது நமது பழக்கம் அல்ல. "பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். பிறகு மேல்மன்றத்தில் நாங்கள் வெல்கிறோம். மாலுமியோ பணத்தைச் செலவழித்துவிட்டான். திரும்பப் பெற வழியில்லை. வெற்றி எங்களுக்கு வெறும் காகிதமாகிறது" என்கிறார்கள். "ஆசுபத்திரி வாசலிலும் துறைமுக வாசலிலும் ஆள்பிடிக்கும் வழக்கறிஞர்கள் பொய் வழக்குகளைத் தூண்டிவிடுகிறார்கள்" என்றும் சொல்கிறார்கள்.

இரண்டாவதற்கு முதலில் விடை சொல்வோம். அந்த நோய் இருந்தது உண்மை. அதற்கு மருந்தும் கொடுத்தாகிவிட்டது. 2015ஆம் ஆண்டின் மாலுமிகள் பாதுகாப்புச் சட்டம், அப்படி ஆள்பிடிப்பதைக் குற்றமாக்கியது. வழக்கறிஞரின் கட்டணம் மாலுமிக்குக் கிடைக்கும் தொகையில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படக்கூடாது என்றும் வரம்பு கட்டியது. வழக்கறிஞர் செய்த தவறுக்கு வழக்கறிஞரைத் தண்டியுங்கள். கொசுவை விரட்டக் குடிசையைக் கொளுத்துவார்களா?

முதல் வாதத்தில் ஒரு துளி உண்மை உண்டு. சில வழக்குகளில் தீர்ப்பு மாறும். கொடுத்த பணம் திரும்பாமல் போகவும் கூடும். அப்படியானால் கேள்வி இது: அந்த இழப்பின் அபாயத்தை யார் தாங்குவது? ஒரு பக்கம் கப்பல் முதலாளி. உலகின் ஆழ்கடல் கப்பல் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குப் பொறுப்புக் காப்புறுதி தரும் பரஸ்பர சங்கங்கள் பன்னிரண்டு உள்ளன. மாலுமியின் காயத்துக்கும் நோய்க்கும் சாவுக்கும் தரவேண்டிய தொகையை அவை ஏற்கின்றன. பிணை நிறுவனத்துக்குக் கட்டும் கட்டணம் முதலாளிக்கு வியாபாரச் செலவு. மறுபக்கம், வேலை போன மாலுமி. பிணை நிறுவனம் அவனிடம் என்ன கேட்கும்? ஈடு கேட்கும். நிலம் இருக்கிறதா, வீடு இருக்கிறதா, வங்கியில் வைப்பு இருக்கிறதா என்று கேட்கும். இவையெல்லாம் இருந்தால் அவன் ஏன் ஒன்பது மாதம் பிள்ளை முகம் காணாமல் கடலிலே கிடக்கிறான்? இழப்பைத் தாங்கத் தோள் உள்ளவன் ஒருவன். தோளே ஒடிந்தவன் ஒருவன். சுமையை எவன் தோளில் வைப்பது என்பதைச் சொல்ல நீதி நூல் படித்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்வோம். முதலாளிக்கு வரக்கூடியது பொருள் இழப்பு. மாலுமிக்கு வருவது வாழ்விழப்பு. முன்னதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கணக்கில் எழுதித் தள்ளலாம். பின்னதை எந்தக் கணக்கில் எழுதுவது? பசித்த வயிற்றோடு காத்திருப்பவனிடம், "பாதியாவது வாங்கிக்கொண்டு கையெழுத்திடு" என்று முகவர் வந்து நிற்கும்போது, அவன் கை நடுங்கும், ஆனாலும் கையெழுத்திடும். பிணை விதியின் உண்மையான பயன் அதுதான்! திருப்பித் தராதவனிடமிருந்து முதலாளியைக் காப்பதற்கு என்று சொல்லி, வென்றவனையும் அரை விலைக்கு விற்க வைப்பதற்கு!

உலக ஒப்பந்தம் எந்தப் பக்கம் நிற்கிறது? 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை முப்பது நாடுகள் ஏற்றால் நடைமுறைக்கு வரும் என்று இருந்தது. 2012 ஆகஸ்டு 20இல் முப்பதாவது நாடாக ஏற்றது எது தெரியுமா? பிலிப்பைன்ஸ்! அதன் பயனாக, 2013 ஆகஸ்டு 20இல் உடன்படிக்கை உயிர் பெற்றது. 2014இல் அதற்குத் திருத்தம் வந்து 2017இல் நடைமுறையானது. கைவிடப்பட்ட மாலுமிக்கு நான்கு மாத ஊதியம் வரையிலும், சாவு, ஊனம் ஆகியவற்றுக்கான இழப்பீட்டுக்கும் கப்பல் முதலாளியே முன்கூட்டி நிதிப் பிணை வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. அந்த உடன்படிக்கை மாலுமியைப் பிணை கட்டச் சொல்லவில்லை. முதலாளியைக் கட்டச் சொல்கிறது! மேலும், மாலுமிக்கு வேலை கிடைக்காமல் தடுக்கும் கறுப்புப் பட்டியலையும் அது தடை செய்கிறது. உலகம் அந்த உடன்படிக்கையை நடைமுறைக்குக் கொண்டுவரக் காரணமாயிருந்த அதே நாடு, தன் வீட்டுக்குள் அதன் உயிர்க்கொள்கையைத் தலைகீழாக நிறுத்துகிறது. ஊருக்கு விளக்கேற்றிவிட்டு வீட்டை இருட்டாக வைப்பது என்பார்களே, அது இதுதான்.

"என்ன செய்வது, மாலுமியின் விதி அப்படி!" என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. விதியாம்! பிரமன் எழுதிய தலைவிதியா இது? நாடாளுமன்றத்திலே மனிதர்கள் அமர்ந்து, மசோதா என்று பெயரிட்டு, வாக்கெடுத்து, கையெழுத்திட்ட சட்டவிதி! எழுதிய கை மனிதனுடையது. ஆகவே அழிக்கும் கையும் மனிதனுடையதாக இருக்கலாம். 2009இல் ஒரு வரி அழிந்தது. 2014இல் மீண்டும் அழிந்தது. தானாகவா அழிந்தது? பதினோராண்டு சோராமல் வழக்காடிய ஒரு மாலுமியால் அழிந்தது; பதினேழாண்டு காத்திருந்த ஒரு பெண் தொழிலாளியால் அழிந்தது.

ஆகவே நாம் கேட்பது தெளிவானது. மாலுமியின் தலையில் வைத்த பிணையை நீக்குக. மேல்முறையீடு செய்யும் முதலாளி முழுத்தொகைக்கும் பிணை கட்டுக. பத்தில் ஒரு பங்கு என்ற சலுகை மாலுமிகளின் வழக்குக்குப் பொருந்தாது என்று விதி செய்க. எஞ்சிய காலத்துக்கான தொகையும் ஊதியமே, அதைத் தடையின்றி உடனே தருக என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதுக. தீர்ப்பு மாறினால் திரும்பாத பணம் பற்றிய கவலை முதலாளிமாருக்கு இருக்குமானால், அவர்களே தங்கள் தொழிலிலிருந்து சிறு பங்கு செலுத்தி ஒரு பொது நிதி அமைத்து, இழப்பை அதிலிருந்து ஈடு செய்துகொள்ளட்டும். ஆயிரம் கப்பல்களுக்குப் பகிர்ந்தால் அது அற்பம். ஒரு மாலுமியின் தலையில் வைத்தால் மலை.

பகுத்தறிவு பேசும் இளைஞர்களே! ஒரு சட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். பாதுகாப்பு என்று பெயரிட்ட சட்டத்தில்தான் "எது குறைவோ அது" என்ற வரி இருந்தது. மகா சாசனம் என்று பெயரிட்ட சட்டத்தில்தான் வென்றவன் பிணை கட்டும் வரி இருக்கிறது. எந்தச் சட்டம் வந்தாலும், எந்த நாட்டில் வந்தாலும், முகப்பைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். உள்ளே சென்று இரண்டு கேள்விகள் கேளுங்கள்: காத்திருப்பது யார்? பிணை கட்டுவது யார்?

இரண்டுக்கும் விடை தொழிலாளி என்று வருமானால், அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்று மூன்றாவது கேள்வி கேட்கவேண்டிய தேவையே இல்லை.